“பையன் பத்தாவது முடிக்கட்டும்” என்கிறார், காத்திருக்கலாமா?

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. அதே நிறுவனத்தில் வேறு பிரிவில் இருப்பவரை மூன்று வருடமாக நேசிக்கிறேன். அவருக்கு 42 வயது. மனைவியும் எட்டாவது படிக்கும் மகனும் இருக்கிறார்கள். “வீட்டுல பேருக்குத்தான் புருஷன் பொண்டாட்டி. பையன் பத்தாவது முடிக்கட்டும், பேசி முடிச்சிடறேன்” என்கிறார். அலுவலகம் விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் காரிலிருந்து பேசுவார். சில நாள் நாற்பது நிமிடம் பேசுவார், சில வாரம் ஒன்றுமே இருக்காது. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை நாள் என்றால் போனே வராது. நடுராத்திரியில் வாட்ஸ்அப்பில் அவர் ஆன்லைனில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கிறேன். போன வருடம் அவருடைய கடன் தவணைக்காக 1,80,000 ரூபாய் கொடுத்தேன். இரண்டு தடவை விட்டுவிடுவது என்று முடிவெடுத்து, இரண்டு தடவையும் மூன்றாவது வாரத்தில் நானே போய்ப் பேசிவிட்டேன். அம்மா வரன் பார்த்துவிட்டார். தை பிறந்ததும் பெண் பார்க்க வருகிறார்கள். காத்திருப்பதா, விடுவதா? விடுவதென்றால் எப்படி?
– பெயர் வேண்டாம், கோவை

பதில்:

உங்கள் கடிதத்தில் அவர் சொன்னது இருக்கிறது, பேசிய நேரம் இருக்கிறது, பேசாமல் இருந்த நாட்களும் இருக்கின்றன. தன் மணவாழ்க்கையை முடித்துக்கொள்ள அவர் இதுவரை செய்த காரியம் என்று ஒன்றுகூட இல்லை. மனைவியிடம் பேசினார், தனி வீடு பார்த்தார், வக்கீலைப் பார்த்தார் என்று ஒரு வரி இருந்திருந்தால் மூன்று வருட ஏக்கத்தில் இருக்கும் நீங்கள் அதைத்தான் முதலில் எழுதியிருப்பீர்கள். ஆகவே முதல் கேள்விக்கு என் பதில், காத்திருக்க வேண்டாம் என்பதுதான். எப்படி விடுவது என்பதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. இரண்டு தடவை நீங்கள் தோற்றது மன உறுதி குறைவால் என்று நீங்களே நினைத்துக்கொண்டிருக்கலாம். அதுவும் சரியில்லை.

காத்திருப்பு என்றால் எவ்வளவு காலம் என்று முதலில் பார்த்துவிடுவோம். அவருடையது இந்து திருமணச் சட்டத்தின் கீழ் வரும் திருமணம் என்று வைத்துக்கொள்கிறேன். பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு அந்தச் சட்டத்தின் 13பி பிரிவுப்படி, மனு போடுவதற்கு முன்பே கணவனும் மனைவியும் ஒரு வருடமாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லை என்றால் அதுவும் பிரிந்திருப்பதுதான் என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் மனுவில் மனைவியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். மனு போட்டபின் ஆறு மாத அவகாசம் உண்டு. தகுந்த வழக்குகளில் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மனைவி சம்மதிக்கவில்லை என்றால் தகுந்த காரணம் காட்டி வழக்கு நடத்த வேண்டும். அது வருடக்கணக்கில் இழுக்கும். எட்டாவது படிக்கும் பையன் பத்தாவது முடிக்கவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கே ஆரம்பிக்கிறது. பத்தாவதுக்கு அப்புறம் பிளஸ் டூ என்று ஒன்று இருப்பது உங்களுக்கும் தெரியும்.

“கோயிலில் வைத்துத் தாலி கட்டிவிடுகிறேன்” என்று எப்போதாவது பேச்சு வந்தால் உடனே மறுத்துவிடுங்கள். மருதமலையில் கட்டினாலும் சரி, சுயமரியாதைத் திருமணம் என்று மாலை மாற்றினாலும் சரி, முதல் மனைவி உயிரோடிருந்து அந்தத் திருமணமும் நடப்பில் இருக்கும்போது இரண்டாவது திருமணம் சட்டப்படி செல்லாது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் அது ஏழு வருடம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றமும்கூட. சேர்ந்து வாழ்ந்தால் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் காப்பாற்றும் என்றும் நம்பியிருக்க முடியாது. 2010-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், ‘திருமணம் போன்ற உறவு’ என்றால் இருவரும் மணமாகாதவர்களாகவும் சட்டப்படி மணக்கத் தகுதி உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரையறுத்தது. அவர் மணமானவர் என்று தெரிந்தே சேர்ந்து வாழும் பெண் அதில் வரமாட்டாள் என்று 2013-இல் இன்னும் தெளிவாகச் சொன்னது. கள்ள உறவைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவு 2018-இல் ரத்தாகிவிட்டதால் உங்கள் மேல் வழக்கு வருமோ என்ற பயம் வேண்டாம். ஆனால் குற்றமில்லை என்பதால் உரிமை வந்துவிடாது. அந்த வீட்டில் உங்களுக்குச் சட்டப்படியான இடம் எதுவும் இல்லை.

இனி, ஏன் விட முடியவில்லை என்பது.

அவர் தினமும் மாலை ஏழு மணிக்கு நாற்பது நிமிடம் பேசியிருந்தால் உங்களுக்கு இவ்வளவு வலி இருந்திருக்காது. ஒருநாளும் பேசாமல் இருந்திருந்தாலும் எப்போதோ விட்டிருப்பீர்கள். வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்ற நிலைதான் ஆளைக் கட்டிப்போடுகிறது. 1950-களில் அமெரிக்க உளவியலாளர்கள் ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் புறாக்களை வைத்து இதை விரிவாகச் சோதித்தார்கள். பொத்தானைக் கொத்தும்போதெல்லாம் தானியம் கிடைத்துப் பழகிய புறா, தானியம் நின்றதும் சீக்கிரமே கொத்துவதை நிறுத்திவிடும். எந்தக் கொத்துக்குக் கிடைக்கும் என்று தெரியாமல் பழகிய புறா, தானியம் நின்றபிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கும். ஒன்பது மணிக்கு மேல் பஸ் இல்லை என்று பலகையில் எழுதியிருந்தால் நீங்கள் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போயிருப்பீர்கள். எதுவும் எழுதாத ஸ்டாப்பில் நிற்பவர்தான் பத்தரை வரை நிற்பார்.

இந்த நிலைக்கு 1979-இல் டோரதி டென்னோவ் என்ற உளவியலாளர் ‘லிமரன்ஸ்’ என்று பெயர் வைத்தார். எந்நேரமும் அதே நினைப்பு, அவருடைய சின்னச் சின்னச் செய்கைக்கெல்லாம் அர்த்தம் தேடுவது, ஒரு நல்ல வார்த்தையில் பறப்பது, ஒரு மௌனத்தில் தரைக்கு வருவது என்று பல அடையாளங்களை அவர் எழுதினார். இது உயிரோடிருக்கக் கொஞ்சம் நம்பிக்கையும் கொஞ்சம் நிச்சயமின்மையும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்பது அவர் கவனித்த முக்கியமான விஷயம். இரண்டில் ஒன்றை எடுத்துவிட்டால் மெல்ல அடங்கும். காதலிக்கப்படுபவர் உயர்ந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை. நீங்கள் பார்த்திருப்பதும் அவருடைய நாற்பது நிமிடங்களைத்தான். கேஸ் சிலிண்டர் தீர்ந்த காலையில் அவர் எப்படி இருப்பார், மாமனார் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது எப்படி நடந்துகொள்வார் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியாது. அந்த இடங்களை உங்கள் மனசு தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது.

இதில் உடம்புக்கும் பங்கு இருக்கிறது. கைவிடப்பட்டும் காதல் தீராத 15 பேரை மானுடவியலாளர் ஹெலன் ஃபிஷரின் குழுவினர் எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்கவைத்து, அவர்கள் நேசித்தவரின் படத்தைக் காட்டினார்கள். 2010-இல் வெளிவந்த ஆய்வு அது. மூளையில் ஆசையையும் வேட்கையையும் தூண்டும் பகுதிகளும், போதைப்பொருள் ஏக்கத்தோடு தொடர்புள்ள பகுதிகளும் இயங்கின. 15 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் “புத்திக்குத் தெரியுது, மனசு கேட்க மாட்டேங்குது” என்று உங்களுக்குத் தோன்றுவது வெறும் சாக்கு இல்லை என்று புரிந்துகொள்ள அது போதும்.

ஆகவே உங்கள் வேலை அவரை மறப்பது இல்லை, நிச்சயமின்மையை எடுப்பது. மறக்க முயல்வதை முதலில் நிறுத்துங்கள். 1987-இல் உளவியலாளர் டேனியல் வெக்னர் ஒரு சோதனையில், ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று மாணவர்களிடம் சொன்னார். அவர்களால் முடியவில்லை. தடை நீங்கியபிறகு கரடி இன்னும் அதிகமாக வந்தது. “இன்றிலிருந்து அவர் நினைப்பே கூடாது” என்று சாமி முன்னால் சத்தியம் செய்வது இதனால்தான் பலிப்பதில்லை.

முதல் இரண்டு வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் அன்று அவர் சொன்னது, இரண்டாவதில் அன்று அவர் செய்தது. மூன்றாவதில் உங்கள் கணக்கு: அன்று போனைப் பார்த்துக் காத்திருந்த நேரம் எவ்வளவு, தூங்கியது எத்தனை மணிக்கு, சாப்பாட்டை விட்டது எந்த வேளை. எழுதும்போது விமர்சனம் வேண்டாம். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், உள்ளதை உள்ளபடி பதிவது உங்களுக்குப் புதிதில்லை. பதினான்காம் நாள் இரண்டாவது கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம்.

இந்த இரண்டு வாரத்துக்குள் பண விஷயத்தை எழுத்தில் கொண்டுவாருங்கள். கைமாற்றுக் கடனைக் கேட்டு வழக்குப் போடக் கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடம்தான் அவகாசம். அந்த மூன்று வருடத்துக்குள் அவர் கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டால் அந்தத் தேதியிலிருந்து அவகாசம் புதிதாக ஓடும். வங்கியில் அனுப்பியிருந்தால் அந்த வரவு செலவு அறிக்கையை இறக்கிப் பத்திரப்படுத்துங்கள். ஆனால் பணம் போனதற்குத்தான் அது சாட்சி. கடனாகத்தான் போனது என்பதற்கு அவர் எழுத்து வேண்டும். “வருஷக் கணக்கு முடிக்கிறேன், எனக்கு ஒரு புரோநோட்டு வேணும்” என்று நேராகக் கேளுங்கள். “நமக்குள்ள என்ன பேப்பர்?” என்று பதில் வந்தால் அதை நோட்டின் முதல் கட்டத்தில் எழுதிவிட்டு ஒரு வக்கீலைப் பாருங்கள். பணத்தைச் சாக்காக வைத்துப் பேச்சை நீட்டுவது இரண்டு பக்கமும் நடக்கும். அதனால்தான் இதை முதலில் முடிக்கச் சொல்கிறேன்.

பிறகு அவரிடம் ஒரே ஒரு கேள்வி. காரில் வேண்டாம், போனிலும் வேண்டாம். பகல் நேரத்தில், நாலு பேர் இருக்கும் ஒரு காபிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்து கேளுங்கள்: “உங்க வீட்டுல எந்தத் தேதிக்குள்ள பேசப்போறீங்க?” தேதி இல்லாத பதில் எல்லாமே இல்லை என்ற பதில்தான். கண் கலங்குவது, “என்னை நம்பலையா?” என்று கேட்பது, “நீ இல்லாம நான் இல்ல” என்பது எதிலும் தேதி இல்லை. ஒருவேளை தேதி சொன்னால்? அப்போதும் நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: “சரி, எல்லாம் முடிஞ்சபிறகு வாங்க. அதுவரைக்கும் பேச வேண்டாம்.” ஆம் என்றாலும் இல்லை என்றாலும் அன்று மாலையிலிருந்து உங்கள் போன் சும்மா இருக்கப்போகிறது. அவர் பதிலில் உங்கள் அடுத்த நாள் தொங்கவில்லை என்பது அந்த இடத்தில் உங்களுக்குப் பெரிய பலம். அவரை நிஜமாகவே நல்லவர் என்று நினைக்கிறீர்களா? நல்லவர் என்றால் இந்த நிபந்தனை அவருக்கும் நியாயமாகப் படும்.

அதற்குப் பிறகு ஒரு செய்தி அனுப்புங்கள். இரவில் அனுப்பாதீர்கள். விடுமுறை நாளில் காலையில், விஷயம் தெரிந்த ஒரு தோழி பக்கத்தில் இருக்கும்போது அனுப்புங்கள். நாலு வரி போதும்: “இனிமேல் உங்களோடு தனிப்பட்ட முறையில் பேசுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். வேலை விஷயம் இருந்தால் ஆபீஸ் மெயிலில் பேசுவோம். தர வேண்டிய 1,80,000 ரூபாயை மாதம் 15,000 வீதம் பன்னிரண்டு மாதத்தில் என் வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள். இதற்குப் பதில் எழுத வேண்டாம்.” இதில் கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். கேள்வி கேட்டால் பதில் வரும், பதிலுக்காகக் காத்திருப்பீர்கள். குற்றச்சாட்டும் வேண்டாம். குற்றம் சாட்டினால் அவர் விளக்கம் சொல்வார். “நல்ல நண்பர்களாக இருப்போம்” என்ற வரியைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். எழுதாத பலகைக்குத் திரும்ப அழைத்துப்போவது அந்த வரிதான்.

போனில் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. வாட்ஸ்அப் பிரைவசி செட்டிங்கில் உங்கள் ‘லாஸ்ட் சீன்’, ‘ஆன்லைன்’ இரண்டையும் யாருக்கும் தெரியாதபடி மாற்றுங்கள். நீங்கள் மறைத்தால் மற்றவர்களுடையதும் உங்களுக்குத் தெரியாது, அதுதான் நமக்கு வேண்டியது. நடுராத்திரிக் காவல் அந்த ஒரு மாற்றத்திலேயே நின்றுவிடும். பழைய உரையாடலை இப்போதைக்கு அழிக்காதீர்கள், பணப் பேச்சு அதில்தான் இருக்கிறது. ஆர்க்கைவில் போட்டு, லாக் செய்து, எண்ணை பிளாக் செய்யுங்கள். பணம் முழுதாகத் திரும்பியதும் அழிக்கலாம். இன்ஸ்டாகிராம், டெலிகிராம் நினைவிருக்கும், கூகுள் பே மறந்துவிடும். எல்லா வழியும் அடைத்தபிறகு ஒரு ரூபாய் அனுப்பி, அதன் குறிப்பில் “ப்ளீஸ்” என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கேயும் பிளாக் உண்டு. மாதத் தவணைக்கு வங்கிக் கணக்கு எண்ணே போதும். அவருடைய பக்கத்தைப் போய்ப் பார்க்காமல் இருப்பதும் இதில் சேர்த்தி. 464 பேரிடம் உளவியலாளர் டாரா மார்ஷல் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிந்தவரின் ஃபேஸ்புக் பக்கத்தை அடிக்கடி பார்ப்பவர்களிடம் வேதனையும் ஏக்கமும் கூடுதலாக இருந்தன. பார்ப்பதால் வேதனையா, வேதனையால் பார்க்கிறார்களா என்று அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. எப்படியானாலும் பார்த்து யாரும் தேறவில்லை.

அலுவலகம்தான் சிக்கலான இடம். தினமும் முகம் பார்க்க வேண்டியிருக்கும்போது முழுக்கத் துண்டிக்க முடியாது. சாப்பாட்டு நேரத்தை அரைமணி தள்ளுங்கள். அவர் பிரிவோடு பேச வேண்டியதை மெயிலில் எழுதி, உங்கள் குழுவில் இன்னொருவருக்கும் நகல் போடுங்கள். எதிரில் வந்தால் பார்வையைத் திருப்பி ஓட வேண்டாம், ஒரு தலையசைப்போடு நடையை நிறுத்தாமல் போய்விடுங்கள். மற்றவர்கள் எதிரில் சாதாரணமாக இருப்பது நடிப்புத்தான், அதில் ஒன்றும் தவறில்லை. முதல் மூன்று மாதத்துக்குள் வேலையை விடாதீர்கள். சம்பளமும் போய், வீட்டில் உட்கார்ந்து நினைக்க நேரமும் கூடினால் நிலைமை மோசமாகும். பிரிவு மாற்றம் கேட்க வழி இருந்தால் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னபிறகும் அவர் விடாமல் தொந்தரவு செய்தால், பணியிடத்தில் பெண்களுக்குப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். பழைய நேசம் புகாருக்குத் தடை ஆகாது.

இப்போது அந்த மூன்றாவது வாரம். தானியம் நின்றதும் புறா முதலில் வேகமாகக் கொத்தும், பிறகுதான் ஓயும். உங்களுக்கும் முதல் நாட்களில் ஏக்கம் கூடத்தான் செய்யும். முடிவு தப்போ என்று தோன்றும். இதற்குள் ஆரம்பத்துக் கோபம் வடிந்துவிட்டிருக்கும், நல்ல ஞாபகங்கள் மட்டும் மிதக்கும். அந்தப் பக்கமும் சும்மா இருக்காது. “கடைசியா ஒரே ஒரு தடவை பார்க்கணும்”, “உடம்பு சரியில்லை”, உங்கள் பிறந்தநாள் வாழ்த்து என்று ஏதாவது வரும். சென்ற இரண்டு தடவையும் சரியாக இந்த இடத்தில்தான் நீங்கள் போய்ப் பேசினீர்கள். அதனால் மனசு கற்றுக்கொண்டது, மூன்று வாரம் தாங்கினால் கிடைக்கும் என்று. மூன்று வாரம் பட்டினி கிடந்து கிடைக்கும் ஒரு அழைப்பு, தினமும் கிடைக்கும் இருபது அழைப்பைவிட ஆழமாக வேர்விடும். ஆகவே காலண்டரில் பதினெட்டாம் நாளிலிருந்து இருபத்தைந்தாம் நாள் வரை முன்கூட்டியே நிரப்பி வையுங்கள். அலுவலகம் விடும் நேரம் முதல் எட்டு மணி வரை ஆள் துணை இருக்கட்டும். அக்கா வீடோ, தையல் வகுப்போ, நீச்சலோ எதுவானாலும் சரி, காரிலிருந்து போன் வரும் அந்த நேரத்தில் கை சும்மா இருக்கக் கூடாது. தவறிப் பேசிவிட்டால்? “எல்லாம் போச்சு” என்று மறுபடி பழைய படிக்குப் போகாதீர்கள். எந்த நேரம், எதற்கு முன், எதனால் என்று நோட்டில் எழுதிவிட்டு அன்றே மறுபடி எல்லா வழியையும் அடைத்துவிடுங்கள். நாளை மீண்டும் ஒன்றிலிருந்து எண்ண வேண்டாம், விட்ட எண்ணிலிருந்தே தொடருங்கள்.

இரவுக்கு ஒரு ஏற்பாடு. இரவு எட்டரை மணி போல் இருபது நிமிடம் அவரை நினைப்பதற்கென்றே ஒதுக்குங்கள். படுக்கையில் வேண்டாம், ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுங்கள், எழுதுங்கள், திட்டுங்கள். மற்ற நேரத்தில் நினைப்பு வந்தால் விரட்டாமல் “எட்டரைக்கு” என்று ஒரு சொல் குறித்து வையுங்கள். கவலையை இப்படி நேரம் ஒதுக்கிக் கட்டுப்படுத்தும் முறையை உளவியலாளர் போர்க்கோவெக்கின் குழுவினர் 1983-இல் சோதித்தார்கள். போனைச் சமையலறையில் சார்ஜ் போட்டுவிட்டு, ஒரு மேசைக் கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். படுத்து இருபது நிமிடம் போலத் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து வெளியறையில் மங்கலான விளக்கில் உட்காருங்கள், தூக்கம் வந்தபின் படுக்கைக்கு வாருங்கள். மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

இன்னொரு பயிற்சி கொஞ்சம் கசப்பானது. அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதவற்றை எழுதுங்கள்: தீபாவளியன்று நாள் முழுக்க உங்களை மறந்தது, காய்ச்சலில் கிடந்தபோது வந்து எட்டிப் பார்க்க முடியாதது, பணம் வாங்கும்போது இருந்த வேகம். முன்னாள் துணையின் குறைகளை நினைத்தால் காதல் உணர்வு தணிகிறது என்று 2018-இல் வெளியான லாங்கெஸ்லாக், சான்செஸ் ஆய்வு காட்டியது. அதே ஆய்வில் அதைச் செய்தவர்களின் மனநிலை அந்த நேரத்துக்குக் கெட்டும் போனது. மருந்து மாதிரி அளவாக எடுங்கள். போன் செய்ய வேண்டும் போலக் கை பரபரக்கும்போது மட்டும் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். படுக்கப் போகும்போது வேண்டாம்.

அவர் மனைவிக்குப் போன் செய்ய வேண்டும் என்ற ஆசை ஒரு நாள் வரும். செய்யாதீர்கள். அந்த அம்மாவின் வாழ்க்கை உங்கள் வலிக்கு வடிகால் ஆகக் கூடாது. தவிர, அதற்குப் பிறகு நடக்கும் சண்டை, சமாதானம் எல்லாவற்றிலும் நீங்கள் இன்னொரு வருடம் மாட்டிக்கொள்வீர்கள்.

இந்த இழப்பில் இன்னொரு கஷ்டம், துக்கம் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்பது. ஊருக்குத் தெரியாத உறவு முடிந்தால் லீவு போடவும் முடியாது, அழுத கண்ணுக்குக் காரணம் சொல்லவும் முடியாது. ஆகவே ஒரே ஒருவரிடமாவது முழுதாகச் சொல்லிவிடுங்கள். அவர் அலுவலகத்தைச் சேர்ந்தவராக இருக்கக் கூடாது, உங்கள் அம்மாவோடு தினமும் போனில் பேசுபவராகவும் இருக்கக் கூடாது. “என்ன செய்யணும்னு சொல்லாதே, கேட்டா மட்டும் போதும்” என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கேட்டுவிட்டுப் புத்தி சொல்லாமல் இருப்பவர்கள் நம் ஊரில் குறைவு. அப்படி ஒருவர் இல்லை என்றால் ஆலோசகரிடம் போங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம், பசி, வேலை மூன்றும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனால் அது காதல் துயரத்தைத் தாண்டி மனச்சோர்வாக இருக்கலாம், மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். மருந்து எழுதிக் கொடுத்தால் பலன் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம், முதல் வாரத்திலேயே நிறுத்திவிடாதீர்கள். செத்துவிடலாம் என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் தனியாக இருக்காமல் உடனே 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் பேசுங்கள். கட்டணம் இல்லை, இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். சென்னையில் உள்ள சினேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050.

“நான் ஏன் இப்படிப்பட்டவரையே தேர்ந்தெடுக்கிறேன்?” என்ற கேள்வியை இப்போது எடுக்காதீர்கள். ஒரு தடவை நடந்ததை வைத்துச் சின்ன வயசு, அப்பா பாசம் என்று தோண்ட வேண்டியதில்லை. இதே மாதிரி முன்பும் நடந்திருந்தால் மட்டும், ஆறு மாதம் கழித்து, ஆலோசகரோடு உட்கார்ந்து பார்க்கலாம்.

கடைசியாக வரன். இந்த வலிக்கு மருந்தாக ஒரு கல்யாணத்துக்குத் தலையாட்டாதீர்கள். வருகிற பையனை நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள், அவரோடு ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள். “கல்யாணம் வேண்டாம்னு சொல்லலைம்மா. எனக்கு ஆறு மாசம் டைம் வேணும். இந்த வரனை மட்டும் இப்போதைக்குத் தள்ளிப் போடு” என்று கேளுங்கள். “மனசுல யாராச்சும் இருக்காங்களா?” என்று அம்மா கேட்காமல் இருக்கமாட்டார். “இருந்தாங்க, முடிஞ்சு போச்சு. இப்ப அதைப் பத்திப் பேச முடியலை” என்பது பொய்யும் இல்லை, போதுமான பதிலும்கூட. அவர் மணமானவர் என்பதை இன்றே சொல்லித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் செய்தியைச் சீக்கிரம் சொல்லிவிடுங்கள். மார்கழியில் எப்படியும் யாரும் பெண் பார்க்க வரப்போவதில்லை. அந்த மாதத்துக்குள் தரகர் மூலம் சொல்லியனுப்பிவிட்டால், அவர்கள் தைக்கு வேறு ஜாதகம் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும்.